புஷ்பக்கா சேறு கழுவிய மதியம்

சென்ற வாரம் பெங்களூரிலிருந்து மகள் கூப்பிட்டாள். கூட வேலை பார்க்கும் ஒரு பெண்ணைப் பற்றி நாலு வரி நல்லதாக ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். "அம்மா, என்கரேஜ், மோட்டிவேட், இன்ஸ்பயர், மூணுல எதைப் போடட்டும்?" என்றாள். அடுப்பில் ரசத்துக்குப் புளி கொதித்துக்கொண்டிருந்தது. "அந்தப் பொண்ணு என்னதான் செஞ்சா, மொதல்ல அதச் சொல்லு" என்றேன். மகள் பெருமூச்சு விட்டாள். எதைக் கேட்டாலும் நான் நேராகப் பதில் சொல்வதில்லை என்பது அவளுடைய பழைய குறை.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இந்த ஒரு கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொள்வதற்குள் எனக்குப் பத்து நாள் தூக்கம் போயிற்று. அது அவளுக்குத் தெரியாது.

இந்தச் சொற்கள் பார்வைக்கு அக்கா தங்கைகள் மாதிரி இருக்கும். பழகினால்தான் குணம் தெரியும். நான் சைக்கிள் பழகியபோது அப்பா பின்னாலேயே ஓடிவந்து "விழமாட்ட, போ" என்றாரே, அது என்கரேஜ். வயிறு நிறைந்த பிறகும் ஏதேதோ சமாதானம் சொல்லி இன்னொரு கரண்டி சோறு போட்டுவிடும் அத்தை செய்வது பர்ஸ்வேட். கும்பகோணம் பஸ்ஸில் கண்டக்டர் நம் முதுகைப் பார்த்து "உள்ள போங்க, உள்ள போங்க" என்று விடாமல் சொல்வது அர்ஜ். என் தம்பி பிறந்த நாளிலிருந்து என்னைச் சீண்டிச் சீண்டிக் கோபப்படுத்தி வருவது ப்ரவோக். தான் ஒதுங்கி நின்றுகொண்டு அடுத்தவரைக் கிளப்பிவிடுவது இன்ஸ்டிகேட். பக்கத்து வீட்டில் காபி வாசம் வந்ததும் நாமும் எழுந்து பாலை அடுப்பில் வைக்கிறோம் அல்லவா, அந்த வாசம் செய்வதுதான் ப்ராம்ப்ட். காபிக்கு நம்மைப் பற்றி ஒரு எண்ணமும் கிடையாது.

இப்போது இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன். இருபத்திரண்டு வயதில் இவையெல்லாம் நீல அட்டை போட்ட ஒரு நோட்டில் நான் வரிசையாக எழுதிவைத்திருந்த சொற்கள், அவ்வளவுதான். அந்த நோட்டைப் புடவைப் பெட்டிக்குள் வைத்திருப்பேன். திறந்தால் பாச்சை உருண்டை வாசம் அடிக்கும். பி.ஏ. இங்கிலீஷ், முதல் வகுப்பு. குடவாசல் கடைத்தெருவில் அந்தப் படிப்பைக் கேட்க ஆளில்லாததால் பார்க்கிறவர்களிடமெல்லாம் நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தப் படிப்புக்குக் கிடைத்த வேலை, ஊருக்கு வெளியே ஒரு பண்ணையின் ஆபீசில் கடிதம் எழுதுவது. சென்னையில் இருந்த முதலாளிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. பண்ணையைப் பார்த்துக்கொண்ட ஏஜெண்டுக்கு ஆங்கிலம் வராது. நடுவில் நான். ஒரு மூட்டை உரம் நனைந்ததைக்கூட நோட்டைப் புரட்டி, இருப்பதிலேயே பெரிய சொல்லாகப் பார்த்து எழுதுவேன்.

ஒரு நடவு நாளில் ஏஜெண்ட் வேர்த்து விறுவிறுக்க உள்ளே வந்தார். நடவு ஆட்கள் பதினாலு பேரில் பன்னிரண்டு பேர் வரப்பில் உட்கார்ந்திருக்கிறார்களாம். பறித்துக் கட்டிவைத்த நாற்று முடியெல்லாம் வெயிலில் வாடுகிறதாம். யார் முதலில் கரையேறினது என்று கேட்டாராம். புஷ்பக்கா என்றார்களாம். புஷ்பக்காதான் அந்த ஆட்களுக்குத் தலைவி. கணவர் பண்ணையின் மோட்டார் கொட்டகைக்குக் காவல். கொட்டகையை ஒட்டிய இரண்டு அறை வீட்டில் குடும்பம். முந்தின வாரம்தான் ஆட்களுக்கு மதியம் ஒரு டீ வேண்டும் என்று அவள் கேட்டிருந்தாள். அதையும் இதையும் முடிச்சுப் போட்டு, "அவதான் கிளப்பிவிட்டா, எழுதும்மா" என்றார் ஏஜெண்ட். நோட்டைத் திறக்கக்கூட இல்லை, சொல் தானாக வந்து விழுந்தது. இன்ஸ்டிகேட். எழுதி முடித்து அழகு பார்த்ததும் நினைவிருக்கிறது.

நாலாம் நாள் பதில் வந்தது. இன்ஸ்டிகேட் செய்தவளை வேலைக்கு வைக்கக் கூடாது, அவள் கணவரைக் காவலிலிருந்து நிறுத்த வேண்டும், மாத முடிவுக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதை அவளுக்குத் தமிழில் சொல்லும் வேலையும் எனக்கே வந்தது.

புஷ்பக்கா மேசைக்கு எதிரே நின்று முழுக்கக் கேட்டாள். "நா யாரையும் ஒண்ணும் சொல்லலியே பாப்பா. செல்வி மயங்கி விழுந்துச்சு, மாசமா இருக்குற புள்ள. பஸ்ஸுல ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவணுமேன்னு கால்ல சேத்தக் கழுவுனேன். அவ்ளோதான்."

சேற்றைக் கழுவினால் என்ன? எனக்குப் புரியவில்லை. மூன்று வேளையும் அந்த ஊர்ச் சோற்றைத் தின்று வளர்ந்தவள் நான். அவள்தான் சொன்னாள். தலைவி வாய்க்காலில் காலைக் கழுவிவிட்டால் அன்றைய வேலை முடிந்தது என்று கணக்கு. கூப்பிட வேண்டியதில்லை, எல்லாரும் ஏறிவிடுவார்கள். மறுபடி அவள் கால் சேற்றில் படாமல் யாரும் இறங்கவும் மாட்டார்கள். செல்வி விழுந்த பதற்றத்தில் அவளுக்கு அது மறந்துபோயிற்று. சேற்றுக் காலோடு பஸ்ஸில் ஏற்றமாட்டார்களே என்று கழுவிக்கொண்டு ஓடியிருக்கிறாள். மற்றவர்கள் அவள் திரும்பி வரட்டும் என்று இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள். ஏஜெண்ட் கேட்டது யார் முதலில் ஏறியது என்று மட்டும். அதற்கு மட்டும் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

"யாரு பாப்பா அப்படி எழுதுனது?"

"நான்தான்க்கா."

"என்னைய ஒரு வார்த்த கேட்டுட்டு எழுதியிருக்கலாம்ல" என்றாள். அவள் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கணவருக்கு நெஞ்சு சரியில்லை, இதை அவர் காதில் போட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு போனாள். எனக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

அன்றே இன்னொரு கடிதம் எழுதினேன். நாலு தாளைக் கிழித்துப் போட்டேன். தெரிந்த பெரிய சொற்களையெல்லாம் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் அவள் வாயில் அவள் பேசாத ஒரு பேச்சைத் திணித்தது. கடைசியில் ஒருத்தி மயங்கினாள், தலைவி காலைக் கழுவினாள், அதைப் பார்த்து மற்றவர்கள் ஏறினார்கள், இந்த ஊர் வழக்கம் இது என்று நடந்ததை நடந்தபடி எழுதினேன். முதல் கடிதத்தில் இருந்த சொல் என் தப்பு என்றும் எழுதினேன். ஏஜெண்ட் முதலில் முறைத்தார். "உனக்கேம்மா இந்த வேலை?" என்றார். செல்வி வீட்டிலிருந்து வாங்கி வந்த ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினேன். அவர் ஒன்றும் கெட்டவர் இல்லை. கடிதத்தைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பதில் வரும் வரை புஷ்பக்கா வேலையில் இருக்கட்டும் என்றும் சொன்னார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் எழுந்து வாசலுக்குப் போவேன். அவர் ஆபீசைத் தாண்டிப் போனாலும் தெருமுனை வரை பார்த்துக்கொண்டு நிற்பேன். மாதம் முடிய ஆறு நாள் இருக்கும்போது பதில் வந்தது. நடவடிக்கை வேண்டாம். இனிமேல் விசாரித்துவிட்டு எழுதவும். இரண்டே வரி. பானையிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் எடுத்துக் குடித்தேன், உட்கார்ந்து அழுதேன், பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு வயலுக்கு விட்டேன்.

புஷ்பக்காவும் ஆட்களும் நடவில் இருந்தார்கள். வரப்பில் நின்று, "அக்கா, வீட்ட காலி பண்ண வேணாம், லெட்டர் வந்துடுச்சு" என்று சொன்னேன். புஷ்பக்கா நிமிர்ந்தாள். கரையேறி வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை. "இரு பாப்பா, இந்த வயல முடிச்சிட்டு வாரேன். நா இப்ப ஏறுனா அதுங்களும் ஏறிடும், நீ மறுபடி லெட்டர் எழுதுவ" என்றாள். வயல் முழுக்கச் சிரித்தது. செல்வியும் வரப்பில் உட்கார்ந்து நாற்று முடி எடுத்துக் கொடுத்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள். நானும் சிரித்தேன், காது மடல் வரை சூடேறிக்கொண்டு.

அந்தப் பண்ணை இப்போது இல்லை. பாதியை மனை போட்டு விற்றுவிட்டார்கள். மீதியில் மெஷின் நடுகிறது. அதற்குக் கழுவக் காலும் கிடையாது. யார் என்ன செய்தார்கள் என்று அவர்களுக்குத் தெரியாத பாஷையில் எழுதி அனுப்பும் என் வேலையும் ஒழிந்தது. அதற்காக எனக்குத் துளியும் வருத்தமில்லை.

மோட்டார் கொட்டகையை ஒட்டிய அந்த இரண்டு அறை வீட்டையும் இடித்துவிட்டார்கள். இடிப்பதற்கு வெகு காலம் முன்பே புஷ்பக்கா அதைக் காலி செய்திருந்தாள். மூத்த மகன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய பணத்தில் கட்டிய வீட்டுக்கு, நாள் பார்த்து, பால் காய்ச்சத்தான் போனாள். அன்றைக்கு அவளுடைய அரிசிப் பானையைத் தலையில் சுமந்துகொண்டு முன்னால் நடந்தது நான்.