காலி மனையில் குவிந்த டயர்கள்

ப்ளஸ் ஒன் படிக்கும் வயது வரை என் தங்கை ஒரு பொங்கலைக்கூட எங்கள் வீட்டில் கொண்டாடியதில்லை. அவளுக்கு வீசிங். போகி நெருங்கும்போதே மதுராந்தகம் பக்கத்தில் இருந்த அத்தை வீட்டுக்கு அவளை பஸ் ஏற்றிவிடுவோம். தாம்பரத்தைச் சுற்றி அன்று விடியற்காலையில் டயர் எரிக்காத தெரு கிடையாது. எதிர் வீடு தெரியாத அளவுக்குப் புகை. அவள் திரும்பி வரும்போது கரும்பில் சக்கைதான் மிச்சம் இருக்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மார்கழியில், "இந்த வருஷம் நான் போகமாட்டேன். பொங்கல் கோலம் நான்தான் போடுவேன்" என்று சொல்லிவிட்டாள். பிடிவாதத்தில் என்னையே தூக்கிச் சாப்பிடுவாள். அம்மா கெஞ்சினாள், திட்டினாள். நான்தான் வீறாப்பாக, "இருக்கட்டும்மா. நம்ம பக்கம் ஒரு டயர்கூட எரியாம நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அம்மா ஒரே ஒரு கட்டளை போட்டாள். "இவளுக்கு வீசிங்னு மட்டும் வெளிய தெரியக்கூடாது. நாளைக்கு ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுக்கணும்." எங்களைப் போன்ற மாதச் சம்பளக் குடும்பங்களில் பெண்ணின் வியாதியும் நகைபோல பீரோவுக்குள் இருக்க வேண்டியது. அவளுடைய இன்ஹேலர்கூடக் கைக்குட்டையில் சுற்றித்தான் இருக்கும்.

நான் பீச் ஸ்டேஷன் பக்கம் ஓர் ஆபீசில் டைப்பிஸ்ட். ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு நேரம். எங்கள் காலனிப் பையன்களை கிரிக்கெட் நடுவே நிறுத்தி, காற்று மாசு, ஓசோன் படலம் என்று வாரப் பத்திரிகையில் படித்ததையெல்லாம் எடுத்துவிட்டேன். கொட்டாவி விட்டார்கள். ஒருவன், "அக்கா, போகின்னா டயர்தான்க்கா. பாயை மட்டும் கொளுத்தினா போகி மாதிரியே இருக்காது" என்றான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"போங்கடா! ஒரு நல்ல காரியத்துக்குக் கூப்பிட்டா வாயப் பொளக்கறீங்க. காலேஜ் படிச்சு என்னத்தக் கிழிக்கப் போறீங்க?" என்று கத்தினேன். சிரித்தார்கள். அடுத்த ஞாயிறு அம்மா சுட்ட மசால்வடையோடு போனேன். ஒருவன் விடாமல் வந்தார்கள். ரோஷத்துக்கா, வடைக்கா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வேலையில் இறங்கிய பிறகு அவர்களைப் பிடிக்க முடியவில்லை. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் என்று ஒரு பஞ்சர் கடை விடாமல் சைக்கிளில் போய், எரிக்க யார் கைக்கும் கிடைக்காதபடி பழைய டயர்களைக் கேட்டு வாங்கிவந்தார்கள். எல்லாவற்றையும் தெருக்கோடியில் இருந்த காலி மனையில் குவித்தோம். பொங்கல் கழித்துக் குப்பை லாரி வந்து எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. குவியல் ஆள் உயரத்துக்கு வளர்ந்தது. அதற்கு முன்னால் 'இங்கே தீ வைக்காதீர்' என்று பெரிய எழுத்தில் அட்டை வேறு மாட்டினோம். அத்தனை புத்திசாலிகள்!

காலனிக்குப் பக்கத்தில் இருந்த ஏரிக்கரைத் தெருப் பையன்களுக்குப் போகிக்கு எரிக்க ஒரு டயர்கூடக் கிடைக்கவில்லை. எந்தக் கடையில் கேட்டாலும் காலனிக்காரர்கள் வாங்கிப் போய்விட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். போகியன்று விடியற்காலையில் நேராக எங்கள் காலி மனைக்கு வந்து, மொத்தக் குவியலையும் கொளுத்திவிட்டார்கள்.

ஜன்னல் இடுக்கிலெல்லாம் கரும்புகை நுழைந்தது. கோலப்பொடியோடு வாசலுக்குப் போன தங்கை கதவைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள். இன்ஹேலருக்கு அடங்கவில்லை. உதடு நீலம் பாரித்தது. ஐயோ, அந்த இழுப்புச் சத்தம்! எங்கள் பையன்கள் மண்ணை வாரிப் போட்டு நெருப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அவளைத் தாங்கிக்கொண்டு வெளியே வந்ததைப் பார்த்து, கொளுத்தியவர்களில் ஒருவனே ஓடிப்போய் ஆட்டோ பிடித்துவந்தான். டிரைவர் பக்கத்தில் தொற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் வந்தான்.

மாஸ்க் வழியாக மருந்து உள்ளே போகப்போக அவளுக்கு மூச்சு சீரானது. அதற்கு அப்புறம்தான் எனக்கு வெறி வந்தது. வராந்தாவில் நின்றிருந்தவன் சட்டையைப் பிடித்து, "எழுதி மாட்டியிருந்தோமே, கண்ணு தெரியாதா உனக்கு?" என்று உலுக்கினேன்.

"எங்க ஏரியா டயரெல்லாம் அள்ளிக்கினு போனீங்களே, எங்கள ஒரு வார்த்த கூப்டீங்களா? இந்தப் பொண்ணுக்கு மூச்சு வுட முடியாதுன்னு யாருனா சொன்னீங்களா? சொல்லியிருந்தா கொளுத்துவமாக்கா?" என்றான். அவன் அழுதுகொண்டிருந்தான். நான் கையை எடுத்துவிட்டேன். பக்கத்து பெஞ்சில் இருந்த அம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபடி இருந்தாள்.

அடுத்த மார்கழியில் நான் ஓசோனை விட்டுவிட்டேன். காலனிப் பையன்களோடு ஏரிக்கரைத் தெருவுக்கே கிளம்பினேன். தங்கையும் வருவேன் என்றாள். அம்மா தடுப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ செருப்பை மாட்டிக்கொண்டு எங்களோடு நடந்தாள்.

தெருவில் கூட்டம் கூடியது. தங்கை முன்னால் போய் நின்றாள். தாழ்ந்த குரலில் சொன்னாள். "எனக்கு வீசிங். டயர் புகை பட்டா என்னால மூச்சு விட முடியாது. நீங்களும் வந்து எங்களோட டயர் சேர்க்கணும். எங்க வெச்சா பத்திரமா இருக்கும்னு நீங்களே சொல்லுங்க."

வாசலில் நின்ற ஓர் அம்மாள் என் தாயிடம் குனிந்து, "இன்னாம்மா, கண்ணாலம் கட்ற வயசுப் பொண்ணு, நட்டநடுத் தெருவுல நின்னு இதச் சொல்லிக்கினு கீது?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா, சின்ன வயசுலேருந்தே இருக்கு" என்றாள் அம்மா. பிறகு தங்கையைப் பார்த்து, "கடைசி வீட்டுக்கும் கேக்கற மாதிரி சத்தமா சொல்லுடி" என்றாள்.