அந்தப் பச்சை டெல்பினுடையது

டெல்பினுக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். கத்துகிறவர்களிடம் எனக்குப் பயம் கிடையாது. டெல்பின் மெதுவாகப் பேச ஆரம்பித்தால் பயம் வரும்.

மயூர் விஹாரில் எங்களுக்கு எதிர் ஃப்ளாட் அவளுடையது. திருநெல்வேலிப் பக்கம் நாசரேத்தில் நர்ஸ் படிப்பை முடித்துவிட்டுத் தில்லிக்கு வந்தவள். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வெகு காலம் வேலை பார்த்து, இடுப்பு வலி தாங்காமல் விட்டுவிட்டாள். பிறகு, வெளிநாட்டு வேலைக்குப் போக ஆசைப்படும் நர்ஸ்களுக்கு ஆங்கிலத் தேர்வுக்குச் சொல்லித்தரும் வேலையில் சேர்ந்தாள். கணவர் இஸ்ரவேல் பேங்க் உத்தியோகம், சாது. ஒரே மகள் பெங்களூரில் படிக்கிறாள். அவள் விட்டுப்போன சின்ன அறையில்தான் இதெல்லாம் நடந்தது.

அவள் வேலைக்குப் போனது ஜனக்புரியில் ஷங்கர் என்பவர் நடத்திய பயிற்சி நிலையத்துக்கு. ஷங்கர் தில்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். நன்றாக உடுத்துவார், பேச்சில் ஆளைக் கட்டிப்போடுவார். கொரோனா வந்து எல்லாரும் வீட்டுக்குள் முடங்கியபின், பாடங்களை வீடியோவாக்கி விற்கலாம் என்று தன் வீட்டு மாடியில் ஓர் அறையை ஆபீஸாக மாற்றினார். என்ன வர்ணம் அடிப்பது என்று ஆலோசனை சொல்ல ஒரு பெண்ணை வரவழைத்திருந்தார். மஞ்சள் என்றால் உற்சாகம், நீலம் என்றால் கவனம், பச்சை என்றால் ஓய்வு, சிவப்பு கோபத்தைக் கிளப்பும் என்றெல்லாம் அந்தப் பெண் அட்டையை விரித்து விளக்கினாளாம். ஷங்கருக்குக் கருஞ்சிவப்பில்தான் ஆசை. பணக்காரக் களை வரும் என்று நினைத்தார்.

டெல்பின்தான் தடுத்தாள். "சார், இதப் பாக்கப் போறது நைட் டூட்டி முடிஞ்சு வர புள்ளைங்க. விடிய விடிய டியூப் லைட்டையும் வெள்ளச் சுவரையும் பாத்துட்டு வந்து உக்காருதாங்க. கண்ணுக்கு ஆறுதலா ஒரு மங்குன பச்ச போடுங்க."

வெள்ளரிக்காயை நறுக்கினால் தோலை ஒட்டினாற்போல் ஒரு நிறம் தெரியுமே, அதைத்தான் அட்டையில் தொட்டுக் காட்டினாள். ஷங்கர் அதையே அடித்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சுக்குக்கூடப் போகாமல், மெட்ரோ பிடித்து ஜனக்புரிக்குப் போய், அந்தப் பச்சைச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு வருஷம் பாடம் எடுத்தாள். பாடங்கள் அத்தனையும் அவள் எழுதியவை. நோயாளியிடம் எப்படிப் பேசுவது, கோபக்கார டாக்டருக்கு எப்படிப் பதில் சொல்வது என்று ஆஸ்பத்திரியில் பட்டதையெல்லாம் அதில் கொட்டியிருந்தாள். வீடியோக்கள் பிய்த்துக்கொண்டு ஓடின. உடனே ஷங்கருக்கு இளமையான முகம் வேண்டியிருந்தது. ஜோஸ்லின் என்று தில்லியில் பிறந்த ஒரு பெண்ணை உட்காரவைத்து, அதே பாடங்களை, சொல்லுக்குச் சொல் அப்படியே மறுபடி பதிவுசெய்தார். டெல்பின் சிரிப்புக்காகச் சொன்ன இடங்களைக்கூட அந்தப் பெண் ஒப்பித்தாள்.

டெல்பின் ஏன் என்று கேட்டாள். அடுத்த வாரம், மாணவிகளும் மற்ற ஆசிரியர்களும் இருந்த கூட்டத்தில், இவள் நம் கேள்வித்தாள்களை வேறொரு நிலையத்துக்குக் கொடுத்துவிட்டாள் என்றார் ஷங்கர். காவலாளியைக் கூப்பிட்டு அவள் பையை மேஜைமேல் கவிழ்க்கச் சொன்னார். டிபன் டப்பாவும், குடையும், இடுப்பில் கட்டுகிற பெல்ட்டும் விழுந்தன. பெல்ட்டைப் பார்த்து யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் டெல்பின் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

இரண்டு மாதம் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. பாஸ்டர் வந்து, ஆண்டவரிடம் விட்டுவிடுங்கள் என்று ஜெபித்துவிட்டுப் போனார். ஒரு நாள் காலையில் என் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அக்கா, கர்த்தர் பாத்துப்பார்னு நானும் இத்தன நாள் இருந்தேன். அவருக்கு வேல ஜாஸ்தி போல. பெயிண்ட் கடைக்கு வாரீங்களா?"

மகளின் அறையிலிருந்து தானே வகுப்பு நடத்தப்போவதாகச் சொன்னாள். நான் சந்தோஷமாகக் கிளம்பினேன். வழியெல்லாம் யோசனை சொன்னேன். வெயில் வராத அறை, சந்தன நிறம் அடித்தால் வெளிச்சமாக இருக்கும்; இல்லாவிட்டால் இளநீலம், மனசு அமைதியாகும் என்றேன். கடையில் இருந்த பெண்ணும், "மேடம், அந்த ரூமில் உட்கார்ந்தால் உங்களுக்கு எப்படித் தோன்ற வேண்டும்?" என்று ஹிந்தியில் கேட்டாள்.

"கோபம் ஆறக் கூடாது" என்றாள் டெல்பின், அதே ஹிந்தியில், மெதுவாக.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சிவப்புப் பக்கம் அட்டையைத் திருப்பினாள். டெல்பின் அதை வாங்கி, பச்சைப் பக்கத்துக்குப் போய், வெள்ளரிக்காய் நிறத்தில் விரலை வைத்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏண்டி, அந்தப் படுபாவி வீட்டுக் கலரையா தினம் பாத்துண்டு உக்காரப் போற?"

"அவன் வீட்டுக் கலரா? அந்தப் பச்ச என்னுது அக்கா. நான் சொன்னது."

பச்சை அடித்தாள். அதே மாதிரி மேஜை, அதே மாதிரி ஓரத்தில் ஒரு மணிபிளாண்ட். முதல் வகுப்பை இணையத்தில் இலவசமாகப் போட்டாள். ஷங்கரின் வீடியோவைப் பார்த்துப் பழகிய நர்ஸ்கள் குழம்பிப்போனார்கள். அதே சுவர், அதே பாடம், பேசுகிறவர் மட்டும் வேறு. ஆனால் ஜோஸ்லின் ஒப்பித்த இடத்தில் இவள் விளக்கினாள். கேள்வி கேட்டால் பதில் வந்தது. ஒரு வாரத்தில் யாரோ கண்டுபிடித்து நர்ஸ்களின் வாட்ஸப் குழுவில் எழுதினார்கள்: முதல் முதலில் இந்தப் பாடத்தை எடுத்த மேடம் இவர்தான், பழைய வீடியோ என்னிடம் இருக்கிறது என்று. அதன் கீழே கேலியும் சிரிப்பும் குவிந்தன. டெல்பின் ஒவ்வொன்றையும் எனக்குப் படித்துக் காட்டினாள்.

ஷங்கர் போன் செய்து கத்தினார். ஒரு நிறத்துக்காக யாரும் யார்மேலும் வழக்குப் போட முடியாது என்று வக்கீல் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த வாரம் அவர் வீடியோவில் சுவர் மஞ்சளாகியிருந்தது.

"பயந்துட்டான்" என்றாள் டெல்பின். "மஞ்ச ஏன் தெரியுமா? உற்சாகமா இருக்கேன்னு காட்டிக்கிடுதான்."

மறுநாளே பெயிண்டரைக் கூப்பிட்டாள். அதே மஞ்சள்தானா என்று நான் சந்தேகப்பட்டேன். "போன்ல பாக்கிறவங்களுக்கு என்னக்கா தெரியும்? கிட்டத்தட்ட இருந்தாப் போதும்" என்றாள். அந்த வாரக் கடைசியில் இவள் சுவரும் மஞ்சள். நர்ஸ்களுக்கு இது பெரிய வேடிக்கையாகிவிட்டது. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆளுக்காள் அனுப்பிக்கொண்டார்கள்.

நவம்பர் மாதம். வெளியே புகை மண்டிக் கிடந்ததால் ஜன்னலைத் திறக்க வழியில்லை. உள்ளே பெயிண்ட் வாடை. இஸ்ரவேல் இருமிக்கொண்டே ஹாலில் படுத்தார். ஒரு நாள் லிஃப்ட் வாசலில் என்னைப் பார்த்து, "விசாலம் அக்கா, நீங்களாவது சொல்லக் கூடாதா? வீடா இது, பெயிண்ட் கடையா?" என்றார்.

சொன்னேன். டெல்பின் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். மஞ்சள் சுவர் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தலைவலி வந்தது, படபடவென்று பேசினாள், மாணவிகள் நிறுத்தி நிறுத்திக் கேட்டார்கள். ஆனாலும் மாற்ற மாட்டேன் என்றாள்.

"அவன் மாத்தட்டும், நானும் மாத்துதேன்."

அவர் கருநீலத்துக்கு மாறினார். "பெரிய மனுஷன்னு காட்டணும்னு பாக்கான்" என்று சிரித்துக்கொண்டே இவளும் கருநீலம் அடித்தாள். சின்ன அறை கிணறு மாதிரி ஆனது. பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. அந்த இருட்டில் அவள் மானிட்டர் வெளிச்சம் மட்டும் முகத்தில் விழ உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது. ஆனால் அவளுக்கு அந்த நீலம் பிடித்துப்போனது. "இதுல உக்காந்தா நல்லா யோசிக்க வருதுக்கா" என்றாள். என்ன யோசிக்கிறாள் என்று நான் கேட்கவில்லை.

அதற்குள் ஜனக்புரியிலிருந்து செய்திகள் வந்தன. தன் சுவரின் நிறம் டெல்பினுக்கு எப்படித் தெரிகிறது என்று ஷங்கருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. வீடியோவில் ஊரே பார்க்கிறது என்பது அவர் புத்தியில் ஏறவில்லை. ஆபீஸில் யாரோ உளவு சொல்கிறார்கள் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார். ஒருவரின் போனைப் பிடுங்கிப் பார்த்தார். ஆசிரியர்கள் இரண்டு பேர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார்கள். டெல்பின் அன்று பிரியாணி செய்து எங்கள் வீட்டுக்கும் கொடுத்தனுப்பினாள்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஷங்கரே வந்துவிட்டார். நான் அப்போது டெல்பின் வீட்டில்தான் இருந்தேன். எப்படிப்பட்ட ஆள் என்று பார்க்க எனக்கு ஆசை. சவரம் செய்யாத முகமும் கசங்கிய சட்டையுமாக ஒரு மனிதர் நின்றார்.

"டெல்பின், போதும். உனக்கு என்ன வேணும், சொல்லு. திரும்ப வேலைக்கு வர்றியா? சீனியரா போடறேன்."

"உள்ள வாங்க சார்" என்றாள் அவள். அவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

அறைக்குள் கூட்டிப்போனாள். நான் வாசற்படியில் நின்றேன். நீலச் சுவரைப் பார்த்ததும் அவர் சட்டென்று திரும்பிக்கொண்டார். தன் அறைக்குள்ளேயே அடைபட்ட மாதிரி இருந்திருக்கும். டெல்பின் அவரை நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"நான் கேள்வித்தாளக் கொடுத்தேனா சார்?"

"விடு, அதெல்லாம் முடிஞ்ச கதை."

"கொடுத்தேனா?"

"இல்லை."

"எங்கிட்டச் சொல்லாண்டாம். அவங்ககிட்டச் சொல்லுங்க." மானிட்டரை அவர் பக்கம் திருப்பினாள். நாலு மணி வகுப்புக்காக நர்ஸ்கள் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். சின்னச் சின்னக் கட்டங்களில் முகங்கள். சிலர் இன்னும் யூனிஃபார்மில் இருந்தார்கள்.

ஷங்கர் எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். எழவில்லை. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னார்: டெல்பின் எந்தக் கேள்வித்தாளையும் யாருக்கும் கொடுக்கவில்லை, நான் சொன்னது தவறு.

"பாடம் யார் எழுதினது?"

"டெல்பின் எழுதியவை."

இதோடு விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் விடவில்லை. "பச்சக் கலரு?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "டெல்பின், ப்ளீஸ்."

"யார் சொன்ன கலரு சார்?"

"அதுவும்... அவங்க சொன்னதுதான்" என்றார், இந்தத் தடவை தமிழில். கட்டங்களில் இருந்த பஞ்சாபிப் பெண்கள் அது புரியாமல் விழித்தார்கள். டெல்பினே அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தாள். நிறுத்தி, தெளிவாக, பாடம் நடத்துவதுபோல. கட்டங்களுக்குள் சிரிப்பு பரவியது. ஷங்கர் காது மடல் வரை சிவந்து உட்கார்ந்திருந்தார். அந்தச் சிரிப்பு அடங்கும்வரை டெல்பின் அவரை எழுந்திருக்க விடவில்லை.

அவர் போனபின் கேட்டேன். "மனசு ஆறித்தாடி?"

"நல்லா ஆறிட்டுக்கா" என்றாள். முகத்தில் உண்மையாகவே ஒரு தெளிவு இருந்தது. பழிவாங்கினால் நிம்மதி கிடைக்காது என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். டெல்பின் அன்று ராத்திரி சுகமாகத் தூங்கினாள். இஸ்ரவேல்தான் சொன்னார்.

ஷங்கர் வீடியோக்களை நிறுத்திவிட்டார். நிலையம் மட்டும் எப்படியோ ஓடுகிறது. டெல்பினின் வகுப்பில் இடம் கிடைப்பதே கஷ்டம் என்றாகிவிட்டது. அறையை மறுபடி பச்சையாக்கிக்கொண்டாள்.

ஜனவரியில் ஒரு நாள் ஜோஸ்லின் வந்தாள். வேலை போய்விட்டதாம். வெளியே நல்ல குளிர். மெல்லிய ஸ்வெட்டரில் நடுங்கிக்கொண்டு நின்றாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. ஹிந்தி கலந்த தமிழில் பேசினாள்.

"மேம், ஐ ஆம் சாரி. சார் குடுத்தாரு, நான் படிச்சேன். பஸ், அவ்ளோதான் மேம். எனக்கு மாலூம் இல்ல, அது உங்களோடதுன்னு. உங்ககிட்ட ஏதாவது வேலை இருக்கா?"

"இல்ல" என்றாள் டெல்பின்.

"சின்ன வேலைன்னாலும்..."

"இல்லம்மா. குளுருது பாரு, ஜல்தி வீட்டுக்குப் போ."

கதவைச் சாத்திவிட்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை. "பாவம்டி, சம்பளத்துக்கு வேலை பாத்த பொண்ணு. அவ என்ன செய்வா?" என்றேன்.

"அவ என் வாயால பேசினாக்கா. நான் எங்கெங்க சிரிச்சேனோ அங்கங்கயும் சிரிச்சா." இடுப்பு பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "பையக் கவுத்தப்போ அங்கனயும் சிரிச்சது அவதான்."

இதை அதுவரை அவள் என்னிடம் சொன்னதில்லை. அறைக்குள் போய் விளக்கைப் போட்டாள். நான் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். கீழே அந்தப் பெண் கைகளைத் தேய்த்தபடி மெட்ரோ ஸ்டேஷன் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தாள். உள்ளே டெல்பின், "குட் ஆஃப்டர்நூன், மை டியர் கேர்ள்ஸ்" என்று, கேட்கவே இதமான குரலில், பாடத்தை ஆரம்பித்தாள்.