யார் வைத்த மூட்டை?

எங்கள் ஊரிலிருந்து திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் ஒரு ரயில்வே சுரங்கப்பாதை இருக்கிறது. மழை பெய்தால் அதில் இடுப்பளவுத் தண்ணீர். "உங்க ஊர்த் தண்ணி" என்பார் ரயில்வே என்ஜினியர். "நீங்க தோண்டுன பள்ளம்" என்பேன், பேரூராட்சித் தலைவியான நான். எங்களை மாவட்டக் கூட்டுக் குழுவில் எதிரெதிரே உட்கார வைத்தார்கள். மத்திய அரசுத் துறைகளும் உள்ளாட்சிகளும் ஒரே மேசையில் பேசுகிற கூட்டம் அது.

சுரங்கப்பாதையிலிருந்து குழாய் பதிப்பது ரயில்வே பொறுப்பு, குழாயிலிருந்து கண்மாய் வரை வாய்க்கால் வெட்டுவது எங்கள் பொறுப்பு என்று முடிவானது. அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். எல்லோரும் கைதட்டியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. "அடுத்த மழைக்குத் தண்ணி நின்னா ராஜினாமா பண்ணிர்றேன்" என்று மைக்கில் சொல்லிவிட்டேன். வீட்டுக்காரர், "இப்பவே எழுதி வச்சுரு. மழையில எழுதுனா மை கலைஞ்சுரும்" என்றார்.

வேலை முடிந்தது, மழையும் வந்தது. ஊரே குடையோடு வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது. சுரங்கப்பாதையில் தண்ணீர் முழங்காலைத் தாண்டி ஏறியது, வடிகிற வழியைக் காணோம். மல்லிகைக் கூடைகளோடு வந்த ஆட்டோ ஓரமாய் நின்றது. பதவி போச்சு என்று எனக்கு அழுகை முட்டியது. என்ஜினியரும் வந்துசேர்ந்தார்.

"உங்க வாய்க்கால்தான் அடைச்சிருக்கு மேடம்."

"உங்க குழாயப் போயிப் பாருங்க சார்!"

சண்டை போட்டுக்கொண்டே போய்ப் பார்த்தோம். குழாயும் வாய்க்காலும் சேருகிற இடத்தில் மணல் மூட்டைகள்! வேலையின்போது தண்ணீரை மறிக்க அடுக்கியவை. அவர்கள் மூட்டை என்று எங்கள் ஆட்கள் தொடவில்லை. எங்கள் மூட்டை என்று அவர்கள் ஆட்கள் தொடவில்லை.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "பிடிங்க சார்!" என்று சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினேன். அவரும் பேண்ட்டை மடித்துக்கொண்டு குதித்தார். இரண்டு மூட்டைகளை உருவினோம். மற்றவற்றைத் தண்ணீரே தள்ளிக்கொண்டு வந்து, எங்கள் இருவரையும் சேற்றில் உட்கார வைத்தது. எழுந்திருக்க முடியாமல் சிரித்தோம். கொஞ்ச நேரத்தில் பாதை தெரிந்தது. பூ ஆட்டோக்காரர், "அக்கா, போயிட்டு வாரேன்!" என்று ஹாரன் அடித்துக்கொண்டே உள்ளே இறங்கினார்.

அடுத்த கூட்டத்தில் குழுத் தலைவர் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "அந்த மூட்டை யாரு வச்சது?" என்று கேட்டார்.

நானும் என்ஜினியரும் ஒன்றாக எழுந்து நின்றோம்.

"எங்களுதுதான் சார்."