கொழுப்புத் தொட்டியின் மூன்றாம் தூண்

நம்பாதவர்கள் என் மச்சானைக் கேட்டுக்கொள்ளலாம். என் மனைவியின் தம்பி. என்னோடு சேர்ந்து அதைப் பார்த்தவன்... இல்லை, பார்த்தவன் என்று சொல்லக் கூடாது. நாங்கள் எதையும் பார்க்கவில்லை. முகர்ந்தோம். தொட்டோம். கேட்டோம். பேய் என்றாலே நடுராத்திரி என்று நினைப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது பட்டப்பகலில் நடந்தது. தலைக்கு மேலே நூறு பேர் வேலை செய்துகொண்டிருந்த ஒரு சோப்புத் தொழிற்சாலையில்.

நான் ஃபிட்டர். அரித்துப்போன இரும்புத் தூண்களை எடுத்துவிட்டுப் புதியவற்றை நிறுத்துவது என் வேலை. அந்தத் தொழிற்சாலையில் மிருகக் கொழுப்பை உருக்கும் பெரிய தொட்டி ஒன்று இருந்தது. அதைத் தாங்கும் உத்தரங்களும் தூண்களும் கீழே, நிலவறையில். விரலால் சுரண்டினாலே துரு செதில் செதிலாக உதிர்ந்தது.

தொட்டியைக் காலி செய்துவிட்டு வேலை பார்க்கலாமே என்று கேட்டேன்.

"நிறுத்தினா குழாய்க்குள்ள எல்லாம் உறைஞ்சிடும்பா. அது பாட்டுக்கு ஓடட்டும். நீங்க ஒவ்வொண்ணா மாத்துங்க" என்றார் சூப்பர்வைசர்.

மாற்றும் முறை இதுதான். பழைய தூணின் இருபுறமும் ஜாக்கி வைத்து உத்தரத்தைத் தாங்க வேண்டும். பிறகு தூணை அறுத்து எடுக்க வேண்டும். சங்கிலியில் தொங்கும் புதிய தூணை அந்த இடத்தில் நிறுத்தி போல்ட் போட வேண்டும். ஜாக்கிகள் மேல் எவ்வளவு சுமை இருக்கிறது என்பதை ஒரு கேஜ் காட்டும். அந்த முள்ளில்தான் எங்கள் உயிர் இருந்தது.

நாற்றத்தை எப்படிச் சொல்வது? கழுவாத தலை, நாள்பட்ட புண், ஊசிப்போன கறி... மூன்றையும் ஒரே பானையில் போட்டுக் கொதிக்க வைத்தது மாதிரி. சுவரெல்லாம் பிசுக்கு. தொட்ட கையைப் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். மச்சான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தான். அப்படியே மூடினான்.

"சோறு கூட நாறுது மாமா. இப்படியே போனா அக்கா உங்களை வாசல்லயே நிறுத்திடும்."

இரண்டு தூண்களை ஒழுங்காக மாற்றிவிட்டோம். மூன்றாவது தூணை மதியத்துக்கு மேல் தொடங்கினோம். அது குழாய்த் தூண். மேலும் கீழும் தகடு வைத்து அடைத்தது. உள்ளே காற்றைத் தவிர எதுவும் இருக்கக் கூடாது. கொழுப்பு தீப்பிடிக்கும் என்பதால் ரம்பத்தால்தான் அறுத்தேன்.

ரம்பம் உள்ளே இறங்கியதும், வெட்டிலிருந்து மஞ்சளாக ஏதோ வழிந்தது.

என் முழங்கை வரை வழிந்தது. கொழகொழவென்று. வெதுவெதுப்பாக. காய்ச்சல்காரன் உடம்பைத் தொட்டால் இருக்குமே, அந்தச் சூடு. வழித்து எறிந்தேன். விரலிடுக்கில் ஏதோ சிக்கியது. வெளிச்சத்தில் பார்த்தேன்.

முடி. கட்டையாக வெட்டிய கறுப்பு முடி. வேரோடு.

"மாட்டு முடியா இருக்கும் மாமா" என்றான் மச்சான். அவன் குரலே அதை நம்பவில்லை. இருவரும் வாயை இறுக மூடிக்கொண்டு அறுத்த துண்டைக் கயிறு கட்டி வெளியே இழுத்தோம்.

அப்போதுதான் அவன் கேஜைப் பார்த்தான்.

"மாமா... முள் இறங்குது."

இறங்கிக்கொண்டுதான் இருந்தது. பாதி... கால்... பூஜ்யம்.

ஜாக்கி விட்டுவிட்டால் உத்தரம் கீழே வர வேண்டும். வரவில்லை. ஜாக்கிகள் இரண்டும்தான் கீழே இறங்கியிருந்தன. ஜாக்கியின் தலைக்கும் உத்தரத்துக்கும் நடுவே இடைவெளி. மச்சான் அதில் விரலை விட்டான். விரல் தாராளமாகப் போய் வந்தது.

எங்கள் தலைக்கு மேல் அத்தனை டன் கொழுப்பு கொதித்துக்கொண்டிருந்தது. அதைத் தாங்க... அந்த இடத்தில் எதுவுமே இல்லை.

வாக்கி டாக்கியை எடுத்தேன். "சார், தொட்டியை நிறுத்துங்க! மேல இருக்கவங்களை வெளியே அனுப்புங்க!"

"என்னய்யா உளர்ற? அதெல்லாம் நிறுத்த முடியாது. வேலையை முடி."

அப்போது கேட்டது.

ம்ம்ம்... ம்ம்ம்...

பாரம் தூக்குகிறவன் பல்லைக் கடித்துக்கொண்டு முனகும் சத்தம். தூண் இருந்த இடத்திலிருந்து. வெறும் இடத்திலிருந்து.

என் பிடரியில் ஒரு சொட்டு விழுந்தது. பிசுபிசுத்தது. வேர்வை நாற்றம். பிறகு மூச்சு... என் கன்னத்துக்குப் பக்கத்தில். அழுகிய ஈறின் வாடை.

மச்சான் படிக்கட்டுப் பக்கம் திரும்பினான். நானும் ஓடத்தான் நினைத்தேன். உத்தரம் சரிந்தால் மேலே இருக்கும் நூறு பேரும் கொதிக்கும் கொழுப்பில்...

"சீக்கிரம்... வைங்கடா..."

குரல்.

மச்சானும் கேட்டான். என் முகத்தைப் பார்த்தான். ஓடவில்லை.

சங்கிலியை இழுத்தோம். புதிய தூணை அந்த வெற்றிடத்துக்குள் தள்ளினோம். வெற்றிடம் இல்லை அது. தூண் எதிலோ மோதியது. மெத்தென்று. ஈரமாக.

தள்ளினோம்.

அது நசுங்கியது. நசுங்கி, வழுக்கி, என் கைமேல் உரசிக்கொண்டு ஒதுங்கியது. தோல் மாதிரி.

வாந்தி எடுத்துக்கொண்டே தகடு செருகினேன்.

போல்ட்.

இன்னொன்று.

கடைசி போல்ட் இறுகியதும்...

ஹா...

நீளமான ஒரு பெருமூச்சு.

உத்தரம் மெல்ல இறங்கிப் புதிய தூண்மேல் உட்கார்ந்தது. டங்.

பிறகு பார்த்தோம். இரண்டு ஜாக்கிகளுக்கும் எண்ணெய் போகும் ரப்பர் குழாய் வெடித்திருந்தது. எண்ணெய் முழுவதும் தரையில். எப்போதோ நாங்கள் செத்திருக்க வேண்டும்.

வெளியே குழாயடியில், அங்கேயே செய்த சோப்பைப் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். பிசுக்கு போகவில்லை. பாய்லர்காரர் பக்கத்தில் வந்து நின்றார். அங்கேயே தலை நரைத்தவர். மச்சான் அவரிடம் நடந்ததை எல்லாம் கொட்டினான். அவர் சிரிக்கவில்லை.

"அந்தத் தூண் முன்னாடியும் ஒரு தடவை மாத்தினதுதான். ஜாக்கி சறுக்கி, உத்தரம் ஒருத்தன் தோள்ல உக்காந்துடுச்சு. உயிரோட இருந்தான். கத்துறான். தொட்டியை நிறுத்தலை. புதுத் தூணை வச்ச பிறகுதான் அவனை எடுத்தாங்க. அதுவரைக்கும் மேல இருந்து கொழுப்பு அவன்மேல ஒழுகிட்டே இருந்துச்சு. எடுக்கும்போது பாதி உடம்பு வெந்து கழண்டிருந்துச்சுப்பா."

அடைத்த தூணுக்குள் அந்தக் கொழுப்பும் முடியும் எப்படி வந்தன என்று கேட்டேன். தெரியாது என்று தலையாட்டினார். இன்றுவரை யாருக்கும் தெரியாது.

"அப்போ... கீழ ஒழுகினதை எல்லாம் என்ன பண்ணாங்க?" என்றான் மச்சான்.

அவர் ஈரமான என் கையைப் பார்த்தார். அதிலிருந்த சோப்புக் கட்டியையும் பார்த்தார்.

"வழக்கம்போலத்தான். வாரி எடுத்துத் திரும்பத் தொட்டியில கொட்டிட்டாங்க."