பத்துப் பேரில் எண்ணப்படாத எங்கள் அண்ணா

எங்கள் அண்ணாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உற்றார் உறவினருக்கும், வளைகுடாவிலிருந்து துக்கம் விசாரித்த நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கை எழுதுவது. மறைந்தவரின் நற்குணங்களைச் சொல்லி ஆறுதலாக முடிப்பதுதான் இத்தகைய மலர்களின் வழக்கம். நற்குணங்களைச் சொல்கிறேன். ஆறுதலை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

யாழ்ப்பாணம் வடமராட்சியின் கடலோரக் கிராமம் ஒன்றில் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் அண்ணா. அடுத்தது நான், கடைசி தம்பி. அப்பா இறந்தபோது அண்ணா உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தார். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஓமானுக்குப் போனார். சோஹார் துறைமுகத்தில் சாமான் சரிபார்க்கும் வேலை, காம்பில் நெருக்கியடித்த ரூம். "இஞ்ச வெய்யில் எறிக்கேல்லைப் பிள்ளை, எங்களை அடுப்புக்குள்ள வைச்சிருக்கினம்" என்று போனில் சிரிப்பார். அவர் உழைப்பில்தான் நான் படித்து, பிறகு ஷார்ஜாவில் வேலைக்கும் வந்தேன்.

தம்பியைப் பற்றி உங்களுக்குத் தெரியும். இறுதிப்போரின் கடைசி நாட்களில், "விசாரிச்சிட்டு விடுவம்" என்று சொல்லி அம்மாவின் கண் முன்னே படையினர் அவனைப் பஸ்ஸில் ஏற்றினார்கள். இன்றுவரை அவன் வரவில்லை. வீதியோரப் போராட்டக் கொட்டகையில், அவனைப் போல் காணாமற்போன பிள்ளைகளின் தாய்மாரோடு அவன் படத்தை மடியில் வைத்துக்கொண்டு அம்மா இருக்கிறார். தனக்குக் கலியாணம் பேசிய போதெல்லாம் அண்ணா "தம்பி வரட்டும்" என்றார். பேசினவர்கள் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

சோஹாரை விட்டு டுபாய்க்கு வந்து அண்ணா சேர்ந்த கம்பனியின் முதலாளி ஒரு யூதர். அண்ணா அவரைப் பொஸ் என்றே சொல்வார், நானும் அப்படியே எழுதுகிறேன். அங்கே வாழும் யூதர்களில் ஒரு சிறு கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். அவருடைய வில்லாவில் கூடித் தொழுவார்கள். கதிரை போடுவது, போன் எடுத்து ஆட்களுக்கு நினைவூட்டுவது எல்லாம் மெல்ல மெல்ல அண்ணாவின் தலையில் வந்து விழுந்தன. அவர்கள் விதிப்படி, இறந்தவருக்கான பிரார்த்தனையைச் சொல்ல வயதுவந்த யூத ஆண்கள் பத்துப் பேர் கூட வேண்டும். ஒருவர் குறைந்தாலும் சொல்லக்கூடாது. "எங்களுக்கு ஒரு ஐயரும் ஒரு தேவாரமும் காணும். இவைக்குக் கிரிக்கெட் டீமே சேர்க்க வேண்டிக்கிடக்கு" என்று பகிடி விடுவார் அண்ணா. ஆனால் டீம் சேராத நாள் ஒன்றும் அப்போது இருந்ததில்லை.

இஸ்ரேலில் அந்தத் தாக்குதலும் காஸாவில் போரும் தொடங்கிய பிறகு எல்லாம் மாறிவிட்டது. கூட்டம் சுருங்கியது. பொஸ் வெளியே போகும்போது தலையில் வைக்கும் சின்னத் தொப்பிக்கு மேலே கிரிக்கெட் தொப்பியைப் போட்டுக்கொண்டார். அவர்கள் வீட்டுக் கதவு நிலையில் வேத வாக்கியம் வைத்த சிறு பேழையொன்று அடித்திருக்கும். அதைக் கழற்றித் தரும்படி அண்ணாவைக் கேட்டார். அண்ணா கழற்றி, ஆணித் துவாரங்களுக்குச் சாந்து பூசினார். "இந்த ஊரில் இதைப் பற்றி என்னை ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை, இன்றும் கேட்கவில்லை" என்றாராம் பொஸ். "ஆனாலும் கழற்றுகிறேன். எங்கள் வீட்டில் பயம் எனக்கு முன்பே பிறந்துவிட்டது."

காஸாவில் செத்த பிள்ளைகளின் படங்களைப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் எழும்பிய நாட்களும் அண்ணாவுக்கு உண்டு. அதைப் பொஸ்ஸிடம் மறைக்கவில்லை. பொஸ்ஸும் மறுத்துப் பேசவில்லை. வில்லாவுக்கு வந்துபோன சிலருக்குத்தான் அது பிடிக்கவில்லை.

எங்களவர்கள் மட்டும் என்ன குறைச்சலா? குடும்ப வட்ஸ்அப் குழுவில் லண்டன் சித்தப்பா ஒரு வீடியோவைப் போட்டார். யூதர்களை ஐரோப்பாவில் கொன்று குவித்ததெல்லாம் கட்டுக்கதை, உலகத்தை ஏமாற்ற அவர்களே சோடித்தது என்று ஒருவன் அதில் கைகாட்டிக் கதைக்கிறான். சண்டை சச்சரவுக்கு நிற்காத அண்ணா அன்று எழுதினார்: "சித்தப்பா, எங்கட சனம் செத்ததும் பொய்யெண்டுதான் சொன்னவங்கள். அப்ப நீங்கள் ரோட்டில நிண்டு கத்தினனீங்கள்." அதற்குச் சித்தப்பா, "யூதன்ர சம்பளம் வாயால வருது" என்று பதில் போட்டார். அதற்குக் கைதட்டும் படம் போட்டவர்கள் இந்த மலரையும் வாங்கியிருப்பீர்கள். அதன்பிறகு நல்லநாள் பெருநாளுக்குக்கூட அண்ணாவுக்கு உங்களிடமிருந்து போன் வரவில்லை.

பொஸ்ஸின் பாட்டனாரோடு பிறந்தவர்கள் எல்லோரும் ஐரோப்பாவில் நடந்த அந்தக் கொலைகளில் போனவர்கள். எந்த நாளில் என்று யாருக்கும் தெரியாது. அப்படி நாள் தெரியாமல் போனவர்களுக்கென்று அவர்கள் பொதுவாக ஒரு நாளை வைத்திருக்கிறார்கள். இம்முறை அந்த நாளுக்கு அண்ணா ஒவ்வொருவருக்கும் திரும்பத் திரும்பப் போன் எடுத்தார். டியூட்டி என்றார் ஒருவர், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றார் இன்னொருவர். கடைசியில் பத்துக்கு ஒருவர் குறைந்தார். "சேர், நான் நிக்கட்டே?" என்று கேட்டிருக்கிறார் அண்ணா. பொஸ் அவர் தோளைப் பிடித்து, உன்னை எண்ண முடியாது என்று சொல்லிவிட்டு, அந்தப் பிரார்த்தனையைச் சொல்லாமலே மெழுகுவர்த்தியின் முன்னால் இருந்தாராம். பிறகு கேட்டார்: "உன் தம்பிக்கு எது நாள்?"

மறுநாளே அண்ணா அம்மாவுக்குப் போன் எடுத்தார். திதி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நாங்களாக ஒரு நாளைக் குறிப்போம், அவனுக்கென்று ஒரு விளக்காவது எரியட்டும் என்று கெஞ்சினார். அம்மா கத்தவில்லை. "நாள் குறிச்சா நானே என்ர பிள்ளையைக் கொண்டமாதிரி" என்று மட்டும் சொன்னார். "கலாஸ் பிள்ளை, முடிஞ்சுது, இனி நான் கேக்கமாட்டன்" என்று அண்ணா என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. அவர் பகிடியும் அத்தோடு நின்றுபோனது. ஒருநாள் காலை ஒபிசில் கதிரையில் இருந்தபடியே அவர் உயிர் பிரிந்தது.

உடலோடு நான் ஊருக்குப் புறப்படுமுன் பொஸ் ஷார்ஜாவுக்கு எங்கள் ப்ளாட்டைத் தேடி வந்தார். பூ கொண்டுவரவில்லை, அது அவர்கள் வழக்கமில்லையாம். அவர் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

"நினைவுகூர்ந்துகொண்டே இருந்தால் அது திரும்ப நடக்காது என்று மேடை மேடையாகப் பேசியவன் நான். இப்போது அதை நம்பவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் காட்டினோம். அவர்கள் வளர்ந்து வந்து எங்களைப் பொய்யர் என்கிறார்கள். எங்கள் பெயரைச் சொல்லி வேறு பிள்ளைகள் கொல்லப்படும்போது எங்களில் பலர் வாய் திறக்கவில்லை. உங்கள் அண்ணாவை என்னால் பத்தில் ஒருவராக எண்ண முடியவில்லை. விதியை மாற்ற எனக்கு அதிகாரமில்லை. எண்ணக்கூடியவர்களைக் கூப்பிட்டேன், அவர்கள் வரவில்லை. எண்ணக்கூடாதவர் மட்டும் கடைசிவரை என்னோடு நின்றார்."

இனியாவது நல்லபடியாகுமா என்று கேட்டேன். "எனக்குத் தெரியவில்லை மகளே" என்றார். நான் கொடுத்த தேநீரைத் தொடாமலே போய்விட்டார்.

ஊருக்கு வந்து பார்த்தால் மரண அறிவித்தல் ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டது. லண்டனிலிருந்து சித்தப்பா எழுதி அனுப்பியது. அதில் என் பெயரை இட்டு, "காலஞ்சென்ற" என்று போட்டுத் தம்பியின் பெயரையும் இட்டு, இருவரின் பாசமிகு சகோதரன் என்று அண்ணாவைக் குறித்திருந்தார்கள். கண் மங்கிய அம்மா அதைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "ஆரைக் கேட்டு அப்பிடிப் போட்டவங்கள்?" என்றார். மூத்த பிள்ளையின் உடல் வீட்டுக்குள் கிடக்க, வெளியே போய் மதிலில் ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டினார். நான் பிடித்துக் கூட்டிவந்தேன்.

அண்ணாவின் உடலை ஊர் சேர்க்க அலுவலகம் அலுவலகமாக அலைந்த அறை நண்பர்களுக்கும், பொஸ்ஸுக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், பாடை சுமந்தவர்களுக்கும், இத்தனை நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவிடாமல் சோறு அனுப்பிய அயலவருக்கும் நாங்கள் கடமைப்பட்டவர்கள். சித்தப்பாவுக்கும் நன்றி. அறிவித்தலை வேகமாகத்தான் போட்டார்.

அம்மாவின் சொற்படி, இந்த மலரின் குடும்ப விபரத்தில் தம்பி உயிரோடு இருப்பவர்களுடன் இருக்கிறான். அண்ணா கேட்டது வேறு. நான் என்ன நினைக்கிறேன் என்பதை எழுதமாட்டேன். இறந்த நாளைச் சொல்லும் திதி வெண்பாவும் அண்ணாவுக்கு மட்டும்தான். அச்சகத்திலிருந்து மலரின் மாதிரிப் படிகள் வந்ததும் அம்மா ஒன்றைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தார்.

"பிள்ளை, அவனுக்கும் ஒண்டு எடுத்து வை. தமையன் போனதை அவன் பிறத்தியார் வாயால அறியக்கூடாது."

எடுத்து வைத்திருக்கிறேன்.