தவக்காலத்தில் வந்த முதலிடம்

விபூதிப் புதனன்று எங்கள் ஊரில் பந்தைப் பூட்டி வைத்துவிடுவார்கள். காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும், எங்கள் டீம் கேப்டன் மரியதாஸ் பந்தையும் கோல் வலையையும் சாமியார் பங்களாவுக்குத் தூக்கிக்கொண்டு போவான். பங்குச் சாமியார் அவற்றை அலமாரியின் அடித்தட்டில் தள்ளிப் பூட்டுவார். ஈஸ்டர் பாஸ்கா முடிந்த பிறகுதான் அந்தப் பூட்டு திறக்கும். வில்லியனூரைச் சுற்றியிருந்த மூன்று பங்கு ஊர்களிலும் அதுதான் வழக்கம். அந்த நாற்பது நாள் தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது, மேளம் கிடையாது, பந்தும் கிடையாது. யாரும் அதற்காக வருத்தப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

பாகூர் தையல்காரன் ஷேக் மைதீனுக்கு நேர்ந்ததைச் சொல்வதென்றால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும், அவனுக்கும் விபூதிப் புதனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றாலும்.

எண்பத்தைந்தாம் வருடம் மைதீனுக்கு வயது இருபத்தாறு. பாகூர் கடைத்தெருவில் ஒரு தையல்கடையில் கட்டிங் மாஸ்டர். தகப்பனார் இல்லை, அம்மா கதீஜாவோடு ஏரிக்கரைப் பக்கம் ஓர் ஓட்டு வீட்டில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பாகூர் டீமுக்குக் கோல் கீப்பர். நல்ல கீப்பரா என்று கேட்டால், மோசமில்லாத கீப்பர். உயரம் உண்டு. தரையோடு வரும் பந்தை விழுந்து பிடிப்பான். மேலே வரும் பந்துக்குக் கொஞ்சம் யோசிப்பான். அந்த யோசனைக்குள் கோல் விழுந்துவிடும்.

எங்கள் டீமுக்கு ட்ரவுசர் தைத்துக் கொடுப்பவனும் அவன்தான். அளவு கொடுக்கப் போகும்போதெல்லாம் மரியதாஸ் அவனை வம்புக்கு இழுப்பான்.

"இன்னா பாய், போன வருசம் தச்சது நாலு மேட்சு தாங்கலையே. கவட்டிலயே கிழிஞ்சிடுச்சு."

"ஓடுனா கிழியும்டா. நீ எப்பவும் போல ஆஃப்சைடுலயே நின்னுகினு இரு, ஆயுசுக்கும் கிழியாது."

"ஒனக்குக் கோல் போடத்தான் ஓடறேன்."

"போடு போடு. அடுத்த ட்ரவுசருக்கு உள்ள ஊசிய வச்சு தச்சுடறேன்."

அவன் மனதில் அப்போது இருந்தது ஒன்றே ஒன்று. வில்லியனூரில் மளிகைக் கடை வைத்திருந்த பக்கீர் முகமதின் மகள் தாஜ் நிஷா. பெண் கேட்டு கதீஜாம்மா இரண்டு முறை போய்விட்டு வந்தாகிவிட்டது. பக்கீர் முகமது மரியாதையாகத்தான் சொல்லி அனுப்பினார். பையன்மேல் குறை ஒன்றுமில்லை. ஆனால் பெருநாள் வந்தால் கை நிறைய வேலை, மற்ற மாதம் வெறும் மிஷின் சத்தம் என்கிற பிழைப்புக்குப் பெண்ணைக் கொடுக்க முடியாது. மாதச் சம்பளம் வரட்டும், பார்க்கலாம்.

அந்த வருடம் எங்கள் லீக்கில் பதினான்கு டீம்கள். மண்ணாடிப்பட்டிலிருந்து பாகூர் வரை பரந்து கிடந்தன. எல்லோரும் எல்லோரோடும் ஆடி முடிக்க ஜூன் ஆகிவிடும். அதற்குள் யார் மேலே யார் கீழே என்று ஒவ்வொரு வாரமும் டீக்கடையில் அடிதடி. லீக் செயலாளர் சாமிநாதன் கொம்யூன் ஆபீஸில் வேலை பார்த்தவர். அவருடைய மருமகன் சென்னையில் கம்ப்யூட்டர் வைத்திருந்த ஒரு கம்பெனியில் இருந்தார். ஆட்டங்களின் முடிவை அனுப்பினால் எந்த டீம் எவ்வளவு பலம் என்று கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுக் கொடுத்துவிடும் என்று மருமகன் சொல்லவே, சாமிநாதனுக்குப் பெரிய நிம்மதி. மனுஷன் சொன்னால்தானே சண்டை.

மார்ச் மாத நடுவில் முதல் தாள் வந்தது. இரண்டு ஓரத்திலும் வரிசையாக ஓட்டை போட்ட நீளத் தாள். வில்லியனூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடைச் சுவரில் ஒட்டினார்கள். முதலிடம் பாகூர். நூற்றுக்குத் தொண்ணூற்று ஒன்று, அதற்குப் பிறகு புள்ளி வைத்து இரண்டு எண்கள் வேறு. எங்கள் டீம் பதின்மூன்றாவது.

அது எப்படி வந்தது என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. தவக்காலத்துக்கு முன்னால் நாங்கள் ஆடியது ஒரே ஆட்டம். விபூதிப் புதன் வந்துவிட்டால் கல்யாணம் நடத்த முடியாது என்பதால் அதற்கு முந்தின வாரம் எங்கள் ஊர்களில் கல்யாணங்கள் நெருக்கியடிக்கும். அந்த ஞாயிறு எங்கள் ஃபுல்பேக் இக்னேஷியஸுக்கே கல்யாணம். பாதி டீம் பந்தியில் உட்கார்ந்திருக்க, மிச்சமிருந்த ஒன்பது பேர் மண்ணாடிப்பட்டில் போய்த் தோற்று வந்தோம். மற்ற இரண்டு பங்கு டீம்களும் ஏறக்குறைய இதே கதைதான். பாகூரோ லீக்கிலேயே நோஞ்சானான மூன்று டீம்களோடு, அதுவும் சொந்த மைதானத்தில் ஆடியிருந்தது. ஏரி நிரம்பி வழிந்த வருடம். கரையோர மைதானத்தில் சேறு காயவில்லை. பந்து உருளாமல் அங்கங்கே குந்திக்கொண்டது. ஒரு பந்தும் மைதீனிடம் போய்ச் சேரவில்லை. மூன்று ஆட்டம், ஒரு கோல்கூட வாங்காத கீப்பர். சென்னையில் இருந்த மிஷினுக்குச் சேறும் தெரியாது, சாம்பலும் தெரியாது.

தாளைப் பார்த்துவிட்டு மைதீன் வாய்விட்டுச் சிரித்தான். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"பவுலு, இங்க பார்ரா. எங்கிட்ட பந்தே வரல. கோல்ல நின்னுகினு கொக்குதான் எண்ணிகினு இருந்தேன். அதுக்கு மார்க் போட்டுருக்கான்."

சாமிநாதனும் மறைக்கவில்லை. டீக்கடையில் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "எல்லா டீமும் ஒரு பத்து மேட்சாவது ஆடுனாத்தான் கணக்கு சரியா வரும்னு மாப்ளே சொல்லியிருக்காரு. இப்போதைக்கு சும்மா பாத்துக்கங்கோ, அவ்வளவுதான்."

"சும்மா பாக்கறதுக்கா சார் மெட்ராஸ்லேருந்து வரவழிச்சீங்கோ?" என்று யாரோ கேட்டார்கள். எல்லோரும் சிரித்தோம்.

அடுத்த வாரமும் பாகூர்தான் முதலிடம். டவுனில் ஒரு பஞ்சாலை இருந்தது. அதன் டீமும் எங்கள் லீக்கில்தான் ஆடியது. அவர்களுடைய கீப்பர் முழங்கால் போய் உட்கார்ந்துவிட்டார். ஆலையின் லேபர் ஆபீசர் வெளியூர்க்காரர், கால்பந்து பார்த்துப் பழக்கமில்லாதவர். ஆனால் எதையும் ஆதாரத்தோடு செய்ய வேண்டும் என்பவர். தாளின் ஒரு பிரதியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஜீப்பில் பாகூர் தையல்கடைக்கே வந்துவிட்டார்.

"முதல் இடத்துல இருக்கிற டீம். ஒரு கோலும் வாங்காத கீப்பர். இதுக்கு மேல நான் எதைப் பார்க்கணும்? ஏப்ரல்லேருந்து மூணு மாசம் ஆலையில பதிலி வேலை. ஒழுங்கா ஆடினா பர்மனென்ட்."

மைதீன் அன்று மாலை சைக்கிளை மிதித்துக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தான். அவன் சிரிக்கவில்லை.

"இன்னாடா சொல்ற? போவட்டுமா?"

"ஒனக்கே தெரியுமேடா, அந்தத் தாளு…" என்று இழுத்தேன்.

"தெரியும். ஆனா எனக்கு இது மாதிரி இன்னொரு தபா வராது பவுலு."

கத்தரிக்கோலை நாகராஜன் என்கிற ஒடிசலான ஆளிடம் கொடுத்துவிட்டு ஆலைக்குப் போனான். அதே வாரத்தில் பக்கீர் முகமது சம்மதித்தார். ஜூன் கடைசியில், நோன்புப் பெருநாள் கழிந்ததும், ஆலை வேலை உறுதியான பிறகு நிக்காஹ் என்று பேசி முடித்தார்கள். கதீஜாம்மா எங்கள் வீட்டுக்குக்கூட சர்க்கரை கொடுத்து அனுப்பினார்.

மூன்றாவது தாளிலும் பாகூர்தான் மேலே. அது வந்தபோது அவனிடம் ஒரு மாற்றத்தைப் பார்த்தேன். சுவருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு வெகு நேரம் நின்றான். மரியதாஸ் வழக்கம்போல், "பாய், கொக்கு எத்தினி?" என்று கேட்டான்.

"மிஷினு சும்மா சொல்லாதுடா" என்றான் மைதீன். "நமக்குத் தெரியாதது ஏதாவது அதுக்குத் தெரிஞ்சிருக்கும்."

விளையாட்டுக்குச் சொல்கிறான் என்றுதான் நினைத்தோம்.

பாஸ்கா முடிந்தது. சாமியார் அலமாரியைத் திறந்தார். அதற்கு அடுத்த ஞாயிறு வில்லியனூர் மைதானத்தில் எங்களுக்கும் ஆலை டீமுக்கும் ஆட்டம். தரை காய்ந்து இறுகியிருந்தது. நாற்பது நாள் பந்தைத் தொடாத கால்கள் எங்களுக்கு. கன்றுக்குட்டிகளை அவிழ்த்துவிட்ட மாதிரி ஓடினோம். லேபர் ஆபீசர் கோல் கம்பத்துக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

முதல் இரண்டு கோலும் மேலே வந்த பந்துகள். மூன்றாவதை மரியதாஸ் மிக அருகிலிருந்து அடித்தான். மைதீன் இந்த முறை யோசிக்கவில்லை, கையை நீட்டிவிட்டான். பந்து அவனுடைய வலக்கை விரல்களில் பட்டு, அவற்றைப் பின்னால் மடக்கிக்கொண்டு உள்ளே போனது. மரியதாஸ் கொண்டாடவில்லை. ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தான்.

"பாய், வெரலு… ஐயோ, காட்டு!"

"வுடுடா. ஆபீசரு பாக்குறாரு."

"ஒடஞ்சிடுச்சுடா!"

"வுடுன்றேன் இல்ல!"

சட்டையின் அடியிலிருந்து ஒரு பட்டையைப் பல்லால் கிழித்து, நடுவிரலைப் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டான். அதற்குப் பிறகு மரியதாஸ் கோலை நோக்கி அடிக்கவே இல்லை, வேண்டுமென்றே வெளியே அடித்தான். மற்றவர்கள் இன்னும் இரண்டு போட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி நானே கெஞ்சினேன். மாவுக்கட்டுப் போட்டுவிடுவார்கள், ஆலையில் தெரிந்துவிடும், ஜூன் வரை தாங்கினால் போதும் என்றான். ஸ்பின்னிங் பிரிவில் இடக்கையால் சமாளித்தான். அடுத்த ஞாயிறும் கோலில் நின்றான், அதற்கடுத்த ஞாயிறும் நின்றான். வலக்கைப் பக்கம் அடித்தால் போதும் என்பது எல்லா டீமுக்கும் தெரிந்துபோயிற்று. ஒவ்வொரு ஆட்டத்திலும் அந்த விரல் மறுபடி மறுபடி அடி வாங்கியது.

மே மாத நடுவில் லேபர் ஆபீசர் அவனைக் கூப்பிட்டு, இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை. "உன்னை நம்பித்தானேப்பா எடுத்தேன். முதலிடத்துல இருந்தியே, என்ன ஆச்சு உனக்கு?" என்று கேட்டாராம்.

பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனான். எலும்பு கோணலாகவே கூடிவிட்டது என்று சொல்லி அனுப்பினார்கள். பக்கீர் முகமது நோன்பு தொடங்குவதற்கு முன்னால் பாகூருக்கு வந்தார். கதீஜாம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்தார். "எம் பொண்ண நான் தையக்காரனுக்கே குடுக்கலைம்மா. இப்போ அதுவும் இல்லையே" என்று சொல்லிவிட்டு எழுந்தார். தாஜ் நிஷாவை அந்த வருடக் கடைசியில் பண்ருட்டிப் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள்.

ஜூனில் கடைசித் தாள் வந்தது. எங்கள் டீம் இரண்டாவது, பாகூர் ஒன்பதாவது. லீக்கைப் பார்த்த எவனும் ஏறக்குறைய அப்படித்தான் வரிசைப்படுத்தியிருப்பான். ஆட்டங்கள்தான் முடிந்துவிட்டனவே என்று டீக்கடைக்காரர் அதை ஒட்டவில்லை. சாமிநாதன் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்.

நான் அந்த வருடமே பிரான்சுக்கு வந்துவிட்டேன். ஊரிலிருந்து நேரம் கெட்ட நேரத்தில் போன் வந்தால் யாருக்கு என்ன ஆயிற்றோ என்றுதான் முதலில் தோன்றும். அப்போது வரிசையாக நினைவுக்கு வரும் முகங்களில் மைதீனுடையதும் ஒன்று. எண்பத்தெட்டில் லீவில் போனபோது பாகூருக்குப் போனேன். கடையின் முன்பக்கம் நாகராஜன் துணி வெட்டிக்கொண்டிருந்தார். பின்பக்கம், வெளிச்சம் குறைந்த மூலையில், மைதீன் தலையணை உறைகளுக்கு நேர்தையல் போட்டுக்கொண்டிருந்தான். கோணலாகிப்போன விரல் கத்தரிக்கோல் வளையத்துக்குள் நுழையவில்லை. அதனால் மாஸ்டர் வேலை போயிற்று.

"வாங்க பிரான்சுக்காரரே" என்றான். "கோட்டுக்கு அளவு எடுக்கணுமா? நாகராஜன்கிட்ட குடு. நம்மளது நேரா மட்டுந்தான் போவும்."

டீ சொன்னான். கதீஜாம்மா இறந்துவிட்டதைச் சொன்னான். கல்யாணம் பற்றி நான் கேட்கவில்லை. எதிர் டீக்கடையில் புதுத் தாள் ஒட்டியிருந்தார்கள். லீக் தொடங்கி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. யாரோ உள்ளே எட்டிப் பார்த்து, "பாய், நம்ம ஊரு ரெண்டாவது!" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மைதீன் முகம் மலர்ந்தது.

"இதெல்லாம் ஒண்ணும் இல்லடா மைதீனு" என்றேன். "ரெண்டு மேட்ச வச்சு எவனால சொல்ல முடியும்? அன்னிக்கும் அப்டித்தான். நாங்க ஆடவே இல்ல. எங்க பந்து சாமியாரு அலமாரியில கெடந்துது. ஒங்க ஊரு சேறு. நீ முதலிடத்துல இருந்ததே இல்லடா. அது தப்புக் கணக்கு."

துக்க வீட்டில் ஆறுதல் சொல்பவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பொறுமையாகப் பார்த்தான்.

"இல்ல பவுலு. மிஷினு சரியாத்தான் சொல்லிச்சு. அவ்வளவு பெரிய எடத்துல தூக்கி வச்சாங்கோ. நாந்தான் நிக்கல."

"டேய், கொக்கு எண்ணிகினு இருந்தேன்னு நீயே சொன்னடா."

"அப்போ எனக்கு இன்னா தெரியும்?" என்றான்.

மேலே பேச விடவில்லை. துணியை ஊசிக்குக் கீழே தள்ளி மிதிக்கத் தொடங்கினான். ஓர் உறையின் ஓரம் முழுவதும் ஓடி முடிந்த பிறகு, நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, தலையைத் தூக்காமல் கேட்டான்.

"ஒங்க டீமுக்கு ட்ரவுசரு இப்போ யாரு தைக்கிறாங்கோ?"

"யாரும் தைக்கறதில்ல. டவுன்ல ரெடிமேடா வாங்கிக்கிறாங்களாம்."

"அதுவுந்தான் கிழியும்" என்றான் மைதீன்.