முதல் வரிசையும் முதல் வரியும்

கோலாலம்பூரில் ஒரு தூதரகத்தில் மூன்றாம் எண் கவுன்டரில் வேலை பார்த்தேன். எந்த நாட்டுத் தூதரகம் என்று சொல்லப்போவதில்லை, எனக்கு எதற்கு வம்பு. தமிழ் பேசும் தொழிலாளிகளை என் பக்கம் தள்ளிவிடுவார்கள். வந்ததும் அவர்கள் கேட்பது, "அக்கா, நீங்க எந்த ஊரு?" இதே ஊர், பிரிக்ஃபீல்ட்ஸ் என்பேன். முகம் தொங்கிப்போகும். மாடியில் இருந்த அதிகாரிகளுக்கோ நான் வெறும் 'லோக்கல்'. ஒருநாள் காலை ஒருவரிடம், "பசியாறிட்டீங்களா சார்?" என்று கேட்டுவிட்டேன். ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். காலைச் சாப்பாட்டுக்கு எங்கள் ஊரில் அதுதான் சொல். அதன் பிறகு நான் யாரையும் எதுவும் விசாரிப்பதில்லை.

இவர்களைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு அடியோடு ஆகாதவர் கிள்ளானிலிருந்து வரும் சங்கத் தலைவர். தூதரகம் ஆண்டுக்கு ஒருமுறை பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்தில் கலை நிகழ்ச்சி நடத்தும். நடனம், பொன்னாடை, சாப்பாடு. அதில் யார் எங்கே உட்காருவது என்ற சண்டை இரண்டு வாரத்துக்கு முன்பே என் கவுன்டரில் ஆரம்பமாகிவிடும்.

அந்த ஆண்டு நிகழ்ச்சி சனிக்கிழமை. அதற்கு முந்தைய வியாழக்கிழமை காலை தலைவர் வந்து கண்ணாடியைத் தட்டினார். அப்போது என் முன்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தார். போர்ட் கிள்ளான் கிடங்கில் வேலை, பண்டமாரானில் வாடகை அறை. ஊரிலிருந்து அண்ணனும் தம்பியுமாக வேலைக்கு வந்தவர்கள், இவர் தம்பி. முந்தின நாள் வேலையில் இருக்கும்போதே அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். உடல் கிள்ளான் பிணவறையில். அதை ஊருக்கு அனுப்பத் தூதரகத்தின் கடிதம் வேண்டும். "அண்ணன் மூஞ்சியப் பாக்கணும்னு ஊர்ல அப்பா ஒக்காந்திருக்காரு அக்கா. சீக்கிரம் குடுத்துருங்க" என்றார் தம்பி.

"என்னாம்மா இது?" என்று தம்பியின் தோளுக்கு மேலாக அழைப்பிதழை நீட்டினார் தலைவர். "எத்தன வருசமா மொத வரிசையில ஒக்காந்தவன் நானு. இப்ப மூணாவது வரிசையா? மேல போயி ஒங்க போஸ்கிட்ட கேளு லா."

ஒரு சாவு உட்கார்ந்திருக்கிறது, இந்த மனிதருக்கு நாற்காலி. பற்றிக்கொண்டு வந்தது. அந்த எரிச்சலோடுதான் கடிதத்தை அடித்தேன்.

அவர்கள் நாட்டுப் பாஸ்போர்ட்டில் மேல் வரியில் அப்பா பெயர் இருக்கும், கீழ் வரியில் சொந்தப் பெயர். எங்கள் ஊர் வழக்கம் தலைகீழ். முதலில் சொந்தப் பெயர், நடுவில் ஏ/எல், பிறகு அப்பா பெயர். ஏ/எல் என்றால் மலாய் மொழியில் மகன் என்று அர்த்தம். எங்கள் ஆண்களுக்குப் பிறப்புச் சான்றிதழிலிருந்து அது ஒட்டிக்கொண்டுதான் வரும். வெளிநாட்டவருக்கு அது தேவையே இல்லை. ஆனாலும் என் கை மேல் வரியை அடித்தது, ஏ/எல் போட்டது, கீழ் வரியை அடித்தது.

தம்பி தாளை வாங்கி உற்றுப் பார்த்தார். "அக்கா, எங்கப்பா பேரு மொதல்ல இருக்கே?"

"இங்க அப்படித்தான் எழுதுவாங்க. போங்க, கையெழுத்து வாங்கிக்குங்க" என்று சீறினேன். தலைவர் மீதிருந்த கோபம் முழுக்கத் தம்பி தலையில் விழுந்தது. மாடியில் அதிகாரி படிக்காமலேயே கையெழுத்துப் போட்டார். அவர் பாவம், பொன்னாடைக் கணக்கில் மூழ்கியிருந்தார்.

சனிக்கிழமை காலை மண்டப வாசலில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு சந்தனத் தட்டோடு நின்றேன். உள்ளே, கேட்டபடியே முதல் வரிசை நடுவில் இடம் வாங்கிவிட்ட தலைவர், இறந்துபோன அண்ணனுக்கு இரங்கல் தெரிவித்துத் தன் சங்கம் அச்சடித்த தாளைப் பக்கத்து நாற்காலிக்காரர்களுக்கு விநியோகித்துக்கொண்டிருந்தார். அதில் இறந்தவர் படத்தைவிட அவர் படம் பெரியது.

தம்பி வந்தார். கிடங்குச் சட்டை, கையில் என் கடிதம், இன்னொரு கையில் அழைப்பிலிருந்த கைப்பேசி.

"ஏர்போர்ட்ல ஒடம்பத் திருப்பி அனுப்பிட்டாங்க. பாஸ்போர்ட்டு ஒருத்தனுக்கு, கடுதாசி இன்னொருத்தனுக்குன்றாங்க" என்றார். "நான் அன்னிக்கே சொன்னேன்ல? எங்கண்ணன அப்பனாக்கி, எங்கப்பாவச் சாகடிச்சு வச்சிருக்கீங்க."

தாளைப் பார்த்தேன். இறந்தவர் என்ற இடத்தில் அவர் அப்பா.

மேடையை நோக்கி ஓடினேன். கையெழுத்துப் போட்ட அதிகாரி அங்கிருந்தே கையை அசைத்தார். "மண்டே பாத்துக்கலாம். முத்திரை ஆபீஸ்ல இருக்கு. இப்ப தொந்தரவு பண்ணாதீங்க." தலைவர் திரும்பி, "வாசல்ல யாரும்மா சத்தம் போடுறது?" என்றார். அந்தச் சந்தனத்தை அவர் முகத்தில் அப்பிவிட வேண்டும் போலிருந்தது. ஒன்றும் செய்யவில்லை, வாசலுக்குத் திரும்பினேன்.

"நீங்களே சொல்லுங்க" என்று தம்பி கைப்பேசியை என்னிடம் திணித்தார். மறுமுனையில் ஒரு முதியவர் இருமினார்.

"அம்மா, செத்துப்போனதா நீங்க எழுதின ஆளு நான்தான்" என்றார். குரலில் கோபமே இல்லை. "திருத்த எத்தன நாளாகும்?"

"திங்கக்கிழமை ஆயிரும் அங்கிள். அப்புறம் திரும்ப பிளேன்ல எடம் பாக்கணும்."



"அப்ப திருத்தாதீங்க. நான் செத்தேன்னே இருக்கட்டும். எங்க வேணாலும் கைநாட்டு வைக்கிறேன். அவன அனுப்பிவிடுங்கம்மா."

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். "அப்படி அனுப்ப முடியாது அங்கிள். பேரு பொருந்தணும்" என்று கவுன்டர் குரல்தான் வந்தது.

தம்பி கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டார். எனக்குப் பின்னாலிருந்து கைதட்டல் கேட்டது. தலைவருக்குப் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார்கள். உள்ளே நுழைய வந்த ஒரு குடும்பம் என் தட்டுக்கு முன்னால் காத்து நின்றது. தம்பி அவர்களை விலக்கிக்கொண்டு படியிறங்கும்போது அப்பாவிடம் சொன்னது காதில் விழுந்தது.

"அந்தம்மா நம்ம ஊரு இல்லப்பா."